டிரெயின் போல்ட் மரை போயிடுச்சு, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. நேத்து பைக்குக்கு ஆயில் மாத்தினேன். பழசை வடிச்சுட்டு டிரெயின் போல்ட்டை (ஆயில் வடியற ஓட்டையை மூடற போல்ட்) இறுக்கும்போது, கடைசி அரைச் சுத்துல பிடிப்பே இல்லாம சும்மா சுத்த ஆரம்பிச்சுது. கழட்டிப் பார்த்தா, போல்ட் மரைக்குள்ள அலுமினியம் மெல்லிசா சுருள் கம்பி மாதிரி சுத்தியிருக்கு. போல்ட் இரும்பு, அதுக்கு ஒண்ணும் ஆகலை. என்ஜின் கேஸ்ல இருக்கற மரைதான் உரிஞ்சு வந்திருக்கு.

போல்ட் 12 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.5 மி.மீ. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், உள்பக்கம் ரெண்டு மூணு மரை இன்னும் நல்லாத் தெரியுது. கொஞ்சம் நீளமான போல்ட் போட்டா பிடிக்குமா, இல்ல உள்ள எதுலயாவது முட்டுமா? டெஃப்லான் டேப் சுத்தச் சொன்னாங்க. அது பிடிப்பு தராதுன்னு விட்டுட்டேன்.

ஹெலிகாயில் (ஓட்டையைப் பெருசாக்கி, புது மரை வெட்டி, உள்ள வைக்கற கம்பிச்சுருள் மரை) போடறதுதான் சரின்னு படுது. ஆனா மரை வெட்டும்போது வர்ற தூள் என்ஜினுக்குள்ள விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. தூள் ஒட்டிக்கிறதுக்கு வெட்டுற கருவியில கிரீஸ் தடவி, அப்புறம் கொஞ்சம் ஆயில் ஊத்திக் கழுவி விட்டா போதுமா? கேஸைப் பிரிச்சே ஆகணுமா?

இதைச் செஞ்சு, அதுக்கப்புறமும் ரெண்டு மூணு தடவை ஆயில் மாத்தினவங்க இருந்தா கண்டிப்பா எழுதுங்க. தினமும் ஓட்டற வண்டி. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்.