ஜாம்பியா தாமிரம் நிஜமாகவே சுவிட்சர்லாந்துக்குப் போகிறதா?

கேள்வி: வெண்கலச்சொம்பு

ஜாம்பியாவின் ஏற்றுமதிக் கணக்கில் பல ஆண்டுகளாக சுவிட்சர்லாந்துதான் பெரிய வாடிக்கையாளர். கடலே இல்லாத நாடு அது. சுவிஸ் இறக்குமதிக் கணக்கைப் புரட்டினால் அந்தத் தாமிரத்தைக் காணோம். நடுவில் மறைந்தது எல்லாம் கள்ளக்கடத்தலா? இல்லையென்றால் பணம் எந்த இடத்தில் கசிகிறது? "சுரண்டல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் கணக்கோடு விளக்குங்கள்.

பதில்: லாரிஷெட்

அந்த இடைவெளி கடத்தலுக்குச் சாட்சி அல்ல. 2016-ல் ஐ.நா. வர்த்தக அமைப்பின் அறிக்கை ஒன்று இதே மாதிரி இரு நாட்டுக் கணக்குகளைக் கழித்துப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டது.

சரக்கு காப்பர்பெல்ட் என்ற ஜாம்பியாவின் சுரங்கப் பகுதியில் லாரி ஏறி தார் எஸ் சலாம், டர்பன், வால்விஸ் பே துறைமுகங்களுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கிருந்து சீனா முதலான ஆசிய நாடுகளுக்கு. சுரங்க வாசலிலோ துறைமுகத்திலோ அதை விலைக்கு வாங்கிக்கொள்பவர் சுவிட்சர்லாந்தின் சூக் மாநிலத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் டிரேடர். சேருமிடம் எது என்று ஏற்றும்போதே முடிவாகியிருக்காது. அதனால் படிவத்தில் இன்வாய்ஸ் போகும் நாட்டையே எழுதிவிடுகிறார்கள். சரக்கு சுவிஸ் எல்லையைத் தொடாததால் அங்கே இறக்குமதியாகப் பதிவதில்லை.

ஆக, தேட வேண்டியது சரக்கை அல்ல. அந்த இன்வாய்ஸில் என்ன விலை போட்டார்கள் என்பதை.

பதில்: உரைகல்

அந்த இன்வாய்ஸை உடைத்துக் காட்டுகிறேன். ஜாம்பியாவில் பெரும்பகுதி உள்ளூரிலேயே உருக்கப்பட்டு அனோடாகவோ (உருக்கி வார்த்த தகடு) கேத்தோடாகவோதான் (சுத்திகரித்த தகடு) வெளியே போகிறது. ஆனால் சுரங்கத்திலிருந்து உருக்காலைக்குத் தாதுச் செறிவு (கல்மண்ணைப் பிரித்தெடுத்த தாதுப்பொடி) கைமாறும்போது கணக்கு இப்படித்தான்.

100 டன் ஈரச் செறிவு, ஈரப்பதம் 8% என்றால் உலர் எடை 92 டன். தாமிரம் 28%. உருக்கும்போது சேதாரம் என்று ஒரு புள்ளி கழித்து 27%-க்குத்தான் காசு. ஆக 24.84 டன். டன் 9,000 டாலர் என்றால் 2,23,560 டாலர்.

இப்போது ஈரப்பதத்தை 9% என்றும் தாமிரத்தை 27% என்றும் எழுதுங்கள். 91 டன், 26%, அதாவது 23.66 டன். 2,12,940 டாலர். இரண்டு எண்ணில் ஆளுக்கொரு புள்ளி மாற்றியதில் 10,620 டாலர் போச்சு, கிட்டத்தட்ட 4.75%. லாரியில் ஒரு கைப்பிடி கூடக் குறையவில்லை! அரசுக்குச் சொந்த ஆய்வகமும் சொந்த மாதிரியும் இல்லாவிட்டால் இதைப் பிடிக்கவே முடியாது. வாங்குபவரும் விற்பவரும் அந்நியர்கள் என்றால் மாதிரியைப் பிரித்து இருவரும் தனித்தனியே சோதிப்பார்கள், ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆய்வகம். ஒரே குடும்பக் கம்பெனிகளுக்குள் யார் சண்டை போடப்போகிறார்கள்?

அடுத்தது உருக்குக் கூலி, அதாவது செறிவின் விலையிலிருந்து வாங்குபவர் கழித்துக்கொள்ளும் உருக்காலைச் செலவு. 2024-ல் உலக அளவுகோல் உலர் டன்னுக்கு 80 டாலர், சுத்திகரிப்புக்கு ராத்தலுக்கு 8 சென்ட். மேற்படி லோடுக்குச் சுமார் 11,740 டாலர் கழியும். 2025-ல் அது 21.25 டாலர், 2.125 சென்ட் என்று விழுந்தது. அதன்படி 3,120 டாலர்தான் கழியவேண்டும். உறவுக் கம்பெனியின் நீண்டகால ஒப்பந்தத்தில் பழைய கூலியே கிடந்தால் மீதி 8,600-ம் வாங்குபவர் பைக்குள்.

எந்த மாதத்துச் சந்தை விலையில் கணக்குப் போடுவது என்று தேர்வு செய்யும் உரிமை வாங்குபவருக்கு இருந்தால் அது இன்னொரு ஓட்டை: முடிந்த மாதங்களைத் திரும்பிப் பார்த்து மலிவானதை எடுத்துக்கொள்வார்.

இதை அடைக்கத்தான் 2008-ல் ஜாம்பியா, உறவுக் கம்பெனிக்கு விற்றாலும் லண்டன் உலோகச் சந்தை விலையில்தான் வரிக் கணக்கு என்று சட்டம் போட்டது. அதற்கு முந்தைய விற்பனையையும் தொட்ட மோப்பானி (அப்போது சுவிஸ் டிரேடர் க்ளென்கோரின் கையில் இருந்த ஜாம்பியா சுரங்கக் கம்பெனி) வழக்கில் 2020 மே மாதம் ஜாம்பியா உச்ச நீதிமன்றம் வரித்துறை பக்கம் தீர்ப்பளித்தது. க்ளென்கோருக்கு விற்ற விலை சரியானது என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது என்பதுதான் அதில் முக்கியம். தொகை 24 கோடி க்வாச்சா, அன்றைய மதிப்பில் சுமார் 1.3 கோடி டாலர்.

பதில்: பழையரசீது

உரைகல் சொன்னது ஒளித்துச் செய்வது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அதைவிடப் பெரிது. 1997-2000-ல் அரசுச் சுரங்கங்களைக் கூறுபோட்டு விற்றபோது, தாமிரம் விலை தரைமட்டத்தில், பின்னால் கடன் கொடுத்தவர்களின் நெருக்கடி. அப்போது பெரிய சுரங்கங்களுக்குக் கொடுத்த ராயல்டி (விற்பனை மதிப்பில் அரசுக்குச் சேரும் பங்கு) 0.6%. போதாததற்கு, நீண்ட காலத்துக்கு வரியை மாற்ற மாட்டோம் என்ற வாக்குறுதியும். விலை ஏறி 2006-ல் சராசரி 6,700 டாலரைத் தாண்டியும் விகிதம் அசையவில்லை. 2008-ல் ஒப்பந்தங்களை அரசு ரத்து செய்தது.

இன்றைய ராயல்டி 2023 முதல் அடுக்கு முறை: முதல் 4,000 டாலருக்கு 4%, அடுத்த 1,000-க்கு 6.5%, அதற்கு மேல் 7,000 வரை 8.5%, அதையும் தாண்டினால் 10%. டன் 9,000 விற்றால் 160+65+170+200 = 595 டாலர். பழைய 0.6%-ல் வெறும் 54.

ராயல்டியை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 2015-ல் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 20% என்றார்கள். லும்வானா சுரங்கத்தை நிறுத்திவைப்போம் என்று பாரிக் கம்பெனி அறிவித்ததும் சில மாதத்தில் 9%-க்கு இறங்கினார்கள்.

கேள்வி: வெண்கலச்சொம்பு

நன்றி. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் தாய்க் கம்பெனிக்கும் அங்கே சுரங்கம் உண்டு என்கிறார்களே?

பதில்: பழையரசீது

ஆமாம், கொன்கோலா சுரங்கம். வேதாந்தா 2004-ல் 51% பங்கை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. சிங்கோலா பக்கத்துக் கிராமத்தார் சுமார் 1,800 பேர் ஆற்று மாசுக்காகத் தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் அங்கத்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே ஜாம்பியா அரசு சுரங்கத்தைக் கலைப்பாளர் கையில் கொடுத்தது, பிறகு வேதாந்தாவிடமே திரும்பியது.

நீங்களே சரிபார்க்க வேண்டுமென்றால் ஜாம்பியாவின் சுரங்க வெளிப்படைத்தன்மை அறிக்கைகளை எடுங்கள். கம்பெனி வாரியாக ராயல்டி இருக்கும். ஏற்றுமதி எடையை உலோக எடையாக மாற்றிய பிறகே சந்தை விலையால் பெருக்குங்கள். செறிவு எடையை அப்படியே பெருக்கிவிட்டு "கோடிக்கணக்கில் திருட்டு" என்று பதிவு போடுபவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.