ஆத்தங்குடிப் பட்டறையில் நான் எடுத்த படம் ஒரு டைல்ஸ் கம்பெனியின் விளம்பரத்தில்: என்ன செய்யலாம்?

காரைக்குடி கேமரா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் காரைக்குடி. கல்யாணப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் செட்டிநாட்டு ஊர்களைச் சுற்றி எனக்காகப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவேன்.

போன வருடம் ஆத்தங்குடியில், கையால் தரைக்கல் செய்யும் ஒரு பட்டறையில் எடுத்த படம் இது. பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் கண்ணாடி, அதன்மேல் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார். பச்சை நிரம்பிவிட்டது, சிவப்பு விழப்போகிறது. கரண்டி நுனியில் இருந்து பிரிந்த சொட்டு அந்தரத்தில் நிற்கிறது. அந்தச் சொட்டுக்காக அவர் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் படம் இப்போது சென்னையில் இருக்கும் ஒரு டைல்ஸ் கம்பெனியின் வலைத்தள முகப்பில் இருக்கிறது. திருச்சி பைபாஸில் பெரிய ஃப்ளெக்ஸும் வைத்திருக்கிறார்கள். இடது மூலையில் என் பெயர் இருந்தது, அந்த மூலையையே வெட்டிவிட்டார்கள். அவர்கள் விற்பதோ மெஷினில் பூ டிசைன் அச்சடித்த செராமிக் டைல்ஸ். அந்தப் பெரியவர் அவர்களுக்காகக் கல் போடுவது மாதிரி விளம்பரம். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போன் செய்தேன். "நெட்டில் கிடைத்தது சார், எங்கள் டிசைனர் போட்டார். வேண்டுமானால் உங்கள் பேரைப் போட்டுவிடுகிறோம்" என்றார் மேனேஜர்.

நான் காப்பிரைட் எதுவும் பதிவு செய்யவில்லை. இன்ஸ்டாகிராமில் நானே போட்ட படம் வேறு. எனக்கு உரிமை இருக்கிறதா? பணம் கேட்கலாமா? போலீசுக்குப் போகலாமா?

தஞ்சை கிளிக்:

அவர்கள் பக்கத்தில் போய் எல்லாப் பதிவிலும் "இது திருட்டுப் படம்" என்று கமெண்ட் போடுங்கள். கூகுளில் ஒரு ஸ்டார் கொடுங்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம். இவர்களுக்கு இந்தப் பாஷைதான் புரியும்.

வைகைக்கரை:

தம்பி, தஞ்சைக்காரர் கோபம் நியாயமானது. ஆனால் இன்றைக்கு அதைச் செய்யாதீர்கள். சத்தம் போட்ட அடுத்த நிமிடம் படத்தை எடுத்துவிட்டு "நாங்கள் எங்கே போட்டோம்?" என்பார்கள். நீங்கள் ஏற்கெனவே போன் செய்துவிட்டதால் இன்று இரவே உட்கார்ந்து ஆதாரத்தைச் சேருங்கள்.

வலைத்தளத்தை முகவரி தெரிகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். அதே பக்கத்தை வேபேக் மெஷினில் (வலைப்பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இணையதளம்) சேமித்து வையுங்கள். அதில் நாளும் நேரமும் தானாகப் பதிவாகும், பின்னால் அவர்கள் அழித்தாலும் அங்கே பெரும்பாலும் இருக்கும். படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் உங்கள் படத்தைப் போட்டுத் தேடுங்கள். ஒரு இடத்தில் போட்டவர்கள் அநேகமாக நாலு இடத்தில் போட்டிருப்பார்கள். டீலர்களுக்குக் கொடுக்கும் கேட்லாக்கில்கூட இருக்கலாம். அப்புறம் திருச்சிக்கு ஒரு நடை போய் ஃப்ளெக்ஸை நேரில் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, பக்கத்துக் கட்டடமும் சாலையும் தெரிகிற மாதிரி தூரத்தில் இருந்து ஒன்று. கீழ் ஓரத்தில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தால் அதையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இருக்கும் பெரிய ஆதாரம் கேமராவில் பதிவான அந்த ரா ஃபைல், அதாவது எடிட் செய்யாத மூலப் படம். அதைவிடப் பெரியது அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். சொட்டு கரண்டியை விட்டுப் பிரியாத படம் ஒன்று இருக்கும். கீழே விழுந்து சிவப்பு பரவிய படம் இன்னொன்று இருக்கும். நடுவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்திருக்கலாம், இரண்டு பக்கத்துப் படங்களும் எடுத்தவனிடம் மட்டும்தான் இருக்கும். மெமரி கார்டை இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை என்றால் தொடாமல் எடுத்து வையுங்கள்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். படம் எடுத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமே இல்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள் காலமும் அதற்கு மேல் 60 வருடமும் பாதுகாப்பு உண்டு. இன்ஸ்டாகிராமில் போடும்போது நீங்கள் அனுமதி கொடுப்பது இன்ஸ்டாகிராம் கம்பெனிக்குத்தான், ஊரில் இருக்கிற டைல்ஸ் கடைக்கெல்லாம் இல்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். சில பிராண்டு பக்கங்கள் கமெண்டில் வந்து "அருமை, பயன்படுத்திக்கொள்ளலாமா?" என்று கேட்கும். சந்தோஷத்தில் சரி என்று போட்டுவிட்டால் அதையே அனுமதி என்று காட்டுவார்கள்.

"டிசைனர் போட்டார்" என்பதும் பதில் ஆகாது. விளம்பரம் யாருடையதோ அவர்கள் பொறுப்பு. டிசைனரிடம் அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

பேர் போடுகிறோம் என்கிறார்களே, அதில்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள். உங்கள் படத்துக்கு உங்கள் பெயர் என்பது சட்டம் உங்களுக்குக் கொடுத்த தனி உரிமை. விலைக்குப் பதிலாகத் தர அது அவர்களுடையது இல்லை. ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், மூங்கில் கட்டியவருக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள், இடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள். அதில் இருக்கிற படத்துக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது? கூசாமல் பணம் கேளுங்கள்.

கோவை வக்கீல்:

வைகைக்கரை சொன்னது சரி. சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில் போக வேண்டியது எழுத்தில் ஒரு நோட்டீஸ். மின்னஞ்சலிலும், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 55-ஆவது பிரிவில், இதற்குப் பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று எதிராளி நிரூபித்தால் இழப்பீடு கிடைக்காது. தடை உத்தரவும், அவர் சம்பாதித்த லாபம் முழுவதுமோ ஒரு பகுதியோ மட்டும்தான். உங்கள் படத்தில் பெயர் இருந்தது, அதை வெட்டியிருக்கிறார்கள். எனவே தெரியாது என்ற வாதம் நிற்பது கஷ்டம். நோட்டீஸ் கைக்குப் போன நாளுக்குப் பிறகு அந்த வாதத்துக்கு இடமே இல்லை. பெயரை வெட்டியது பற்றி 65பி பிரிவிலும் வாதிடலாம். உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும் சொல்லியிருக்கிறது.

விளம்பரத்துக்கு 52-ஆவது பிரிவின் நியாயமான பயன்பாடு என்ற விலக்கு பொருந்தாது. அது சொந்தப் படிப்பு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கு.

போலீஸ் வழியும் இருக்கிறது. 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, போலீஸ் நிலையத்திலேயே ஜாமீனில் விட முடியாத (நீதிமன்றம்தான் ஜாமீன் தரலாம்) குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரே ஒரு படத்துக்கு அதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். கடிதத்தில் "சிறைக்கு அனுப்புவேன்" என்று எழுதவும் வேண்டாம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 60-ஆவது பிரிவில் அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போடலாம். உங்கள் கேஸில் ஆதாரம் இருக்கிறது, இருந்தாலும் மொழி நிதானமாக இருக்கட்டும்.

படத்தை நீக்க வைப்பது தனி வேலை. வலைத்தளத்தைத் தாங்கும் நிறுவனத்துக்கோ சமூக ஊடகத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும் என்று 2013-ஆம் வருடப் பதிப்புரிமை விதிகள் சொல்கின்றன. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். ஆதாரம் சேர்ந்த பிறகு இதைச் செய்யுங்கள்.

வழக்கு என்று போனால் நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போட 62-ஆவது பிரிவு வழி தருகிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கோரும் தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ போனால் வணிக நீதிமன்றம். அங்கே அவசரத் தடை கேட்காவிட்டால் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். டிஜிட்டல் ஆதாரத்துக்கு 2023-இன் புதிய சாட்சியச் சட்டப்படி ஹாஷ் மதிப்போடு (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சான்றிதழ் வேண்டும். ஃபைல்களைப் பெயர் மாற்றாமல், எடிட் செய்யாமல் ஒரு நகல் தனியாக வையுங்கள்.

சேலம் ஆல்பம்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எடுத்த கல்யாணப் படத்தை ஒரு மண்டபக்காரர் அவருடைய விளம்பரத்தில் போட்டிருக்கிறார். எனக்கும் இதே வழிதானா?

வைகைக்கரை:

உங்கள் நிலைமை வேறு. இதைக் கல்யாணப் படம் எடுக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 17-ஆவது பிரிவில், ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டும்தான் அது நம் கைக்கு வரும். நம்மில் பெரும்பாலோர் அட்வான்ஸ் வாங்கும்போது தேதி, மண்டபம், ஆல்பம் எத்தனை பக்கம், ட்ரோன் உண்டா என்று எழுதுகிறோம். உரிமை யாருக்கு என்று ஒரு வரி எழுதுவதில்லை. அப்படி எழுதாதபோது மண்டபக்காரரைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் பெண்வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோதான். அவர்களிடம் பேசுங்கள், தங்கள் வீட்டுப் பெண்ணின் முகம் ஃப்ளெக்ஸில் நிற்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்து எடுத்ததென்றால் உரிமை ஸ்டூடியோவுக்கு.

அடுத்த புக்கிங்கில் இருந்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "படங்களின் பதிப்புரிமை புகைப்படக்காரருக்கு, குடும்பத்தார் தங்கள் உபயோகத்துக்கு எப்படியும் பயன்படுத்தலாம், மூன்றாம் நபர் வணிகத்துக்குப் பயன்படுத்த இருவர் சம்மதமும் வேண்டும்." இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் இப்படித்தான் செய்கிறேன், இதுவரை எந்தக் குடும்பமும் முகம் சுளித்ததில்லை.

காரைக்குடித் தம்பிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் யார் சொல்லியும் எடுக்கவில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை.

காரைக்குடி கேமரா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வலைத்தளத்தை வீடியோ எடுத்துவிட்டேன், வேபேக்கிலும் சேமித்துவிட்டேன். சொட்டு விழுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. நாளை திருச்சி போகிறேன்.

இதற்குள் மேனேஜரே கூப்பிட்டார். ஒரு தொகை தருகிறோம், படத்தை அப்படியே வைத்துக்கொள்கிறோம், ஒரு பில் கொடுங்கள் என்கிறார். வாங்கிக்கொண்டு முடித்துவிடலாமா? வீட்டில் முடித்துவிடு என்கிறார்கள்.

வைகைக்கரை:

பொறுங்கள் தம்பி. அவர் கேட்பது இரண்டு விஷயம். இதுவரை போட்டதற்குக் காசு, இனிமேலும் போட்டுக்கொள்ள அனுமதி. முதலாவதை வாங்குங்கள். இரண்டாவதை நீங்கள் தர முடியுமா என்று யோசியுங்கள்.

படத்தில் இருக்கும் பெரியவரிடம் விளம்பரத்துக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்களா? பட்டறையில் படம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்தது வேறு, ஒரு கம்பெனியின் ஃப்ளெக்ஸில் நிற்பது வேறு. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் 1994 தீர்ப்பிலேயே, ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டால் நாளை அவர் கேட்கும்போது கம்பெனி உங்களைக் கை காட்டும்.

அதோடு, கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துக் கல் போடும் மனிதரின் உழைப்பைக் காட்டி மெஷின் டைல்ஸ் விற்கிறார்கள். அதை வாங்குகிறவர் ஆத்தங்குடிக் கல் என்று நினைத்துத்தான் வாங்குவார். அதற்கு உங்கள் கையெழுத்து போகக் கூடாது. எவ்வளவு கொடுத்தாலும் நான் தர மாட்டேன்.

பில்லில் "உரிமக் கட்டணம்" என்று எழுதாதீர்கள். "இந்த நாள் முதல் இந்த நாள் வரை வலைத்தளத்திலும் ஃப்ளெக்ஸிலும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு இழப்பீடு, மேற்கொண்டு எந்த உரிமையும் வழங்கப்படவில்லை" என்று எழுதுங்கள். எல்லா இடத்திலும் நீக்க ஒரு தேதி குறித்து, அவர்கள் லெட்டர்பேடில் கையெழுத்தோடு வாங்குங்கள். தொகையை அவர்களைச் சொல்ல விடாதீர்கள். ஒரு கம்பெனி முறையாகக் கேட்டு வந்திருந்தால் வலைத்தளத்துக்கு என்ன வாங்குவீர்கள், ஃப்ளெக்ஸுக்கு என்ன வாங்குவீர்கள் என்று தனித்தனியாகப் போடுங்கள். உங்கள் பழைய பில் இருந்தால் நகலை இணையுங்கள். கேட்காமல் எடுத்ததற்கும் பெயரை வெட்டியதற்கும் அதற்கு மேல் சேர்த்துக் கேளுங்கள்.

கோவை வக்கீல்:

இதை வழிமொழிகிறேன். பெரியவரின் உரிமை அவருடையது, அதை உங்கள் ஒப்பந்தத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஒரு வரிகூட வரக் கூடாது. "இதன்மூலம் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று அவர்கள் எழுதி வந்தால், "புகைப்படக்காரரின் கோரிக்கை மட்டும்" என்று திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் யாராவது ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

காரைக்குடி கேமரா:

இந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. ஆத்தங்குடிக்குப் போய் ஐயாவிடம் ஃப்ளெக்ஸ் படத்தைக் காட்டிவிட்டுத்தான் மேனேஜருக்குப் பதில் சொல்லப்போகிறேன். அவரும் கேட்க நினைத்தால் கூடவே நிற்பேன். கடித வரைவை எழுதியதும் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.