காமா கசியோபியா விண்மீனின் பிரகாசம் ஒரே இரவில் 0.15 மேக்னிட்யூட் மாறுமா?

தூரநோக்கி:
காமா கசியோபியாவை முக்காலியில் வைத்த டி.எஸ்.எல்.ஆர். கொண்டு அளக்கிறேன். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8, அரை வினாடி, ஐ.எஸ்.ஓ. 800, கூர்மையான ஃபோகஸ். ஒப்பீட்டுக்கு அதே விண்மீன் குழுவின் ஆல்ஃபா. ஒரே இரவில் பிரகாசம் 2.05க்கும் 2.20 மேக்னிட்யூடுக்கும் இடையே (எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல்) குதிக்கிறது. வேகமாகச் சுழலும் பி.இ. வகை (உமிழ்கோடு காட்டும் நீல விண்மீன்) மாறொளி விண்மீன்தானே, இது நிஜ மாற்றமாக இருக்குமா? இன்னொன்று: மி.மீ.க்கு 100 கோடுகள் உள்ள கிரேட்டிங் (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் தகடு) ஒன்று கையில் இருக்கிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்கோடு அதில் தெரியுமா?

ஒளிமானி:
நிஜமல்ல. அந்த விண்மீனில் நாளுக்குள் நடக்கும் மாற்றம் நூறில் ஒரு பங்கு மேக்னிட்யூட் அளவுதான். 1.2 நாள் சுழற்சி ஒன்று பதிவாகியிருக்கிறது, அதன் வீச்சு 0.01கூட இல்லை.

முதல் குற்றவாளி மினுமினுப்பு. எஃப்/2.8 என்றால் உங்கள் லென்ஸின் திறப்பு வெறும் 18 மி.மீ. அரை வினாடியில் ஒரு படத்துக்கு 0.06 சிதறல் தலைக்கு மேலேயே வரும், அடிவானம் நெருங்கினால் இன்னும் கூடும். 10 வினாடி வைத்தால் 0.015க்கு இறங்கிவிடும். முக்காலியில் நகர்ந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். +60 டிகிரி நடுவரை விலக்கத்தில் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள கோணம்) வினாடிக்கு 7 ஆர்க் செகண்டுதான் ஓடும், 10 வினாடிக்கு ஏறக்குறைய 4 பிக்சல்.

இரண்டாவது, கூர்மையான ஃபோகஸ். ஒளி ஒன்றிரண்டு பிக்சலில் விழுந்தால், அது பச்சை பிக்சலா சிவப்பா என்பதே அளவை மாற்றிவிடும். விண்மீன் 10 முதல் 15 பிக்சல் அகலத்துக்குப் பரவும்படி ஃபோகஸை விலக்குங்கள். ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200 போதும். 14 பிட் கேமராவில் உச்ச பிக்சல் 10,000ஐத் தாண்டக் கூடாது. ரா கோப்பு மட்டும், ஜேபெக் வேண்டவே வேண்டாம். 20 படம் எடுத்து, பச்சை சேனலைப் பிரித்து, ஐந்தைந்தாகச் சராசரி எடுங்கள். அந்த நான்கு சராசரிகளின் சிதறல்தான் உங்கள் உண்மையான பிழை.

ஒப்பு விண்மீன் விஷயத்தில் ஆல்ஃபா மோசமான தேர்வு. பிரகாசம் 2.24 என்று பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் அதைப் பிடிக்கிறார்கள், ஆனால் அது ஆரஞ்சு, காமா நீலம். பி–வி (நீலப் பட்டைக்கும் பச்சையை ஒட்டிய 'வி' பட்டைக்கும் உள்ள மேக்னிட்யூட் வித்தியாசம்) நிற வேறுபாடு 1.2க்கு மேல். கேமராவின் நிறத் திருத்தக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால்கூட 0.12 பிழை நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். கண்ணால் மதிப்பிடுபவர்களுக்கும் இதே கதைதான்: சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசமாகிக்கொண்டே போகும். டெல்டாவை (2.68) ஒப்புக்கும் எப்சிலானை (3.37) சரிபார்ப்புக்கும் வையுங்கள். பீட்டாவே 0.03 அளவில் சில மணி நேரத்தில் ஆடும் விண்மீன், அதைத் தனியாக நம்ப வேண்டாம். டெல்டா காமாவிலிருந்து 4 டிகிரிக்குள் இருப்பதால் காற்றுமண்டல உறிஞ்சல் வித்தியாசமும் குறைவு. 30 டிகிரி உயரத்துக்குக் கீழே அளக்காதீர்கள்.

வட்டுப்பொறி:
மாற்றம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இந்தச் சிதறல் ஏன் பொருந்தாது என்பது புரியும். விண்மீன் சிதறும் வரம்பை நெருங்கிச் சுழல்கிறது. நடுக்கோட்டிலிருந்து வாயு வெளியேறி வட்டாகச் சேர்கிறது. அந்த வட்டு வளர்வதும் கரைவதும்தான் பிரகாச மாற்றம், அதற்கு மாதங்களும் வருடங்களும் ஆகும். 1937இல் 1.6 வரை ஏறியது, 1940இல் 3 பக்கம் விழுந்தது, பிறகு மெல்ல ஏறி இப்போது 2.2ஐ ஒட்டி நிற்கிறது. விருச்சிகத்தின் டெல்டா ஸ்கார்ப்பி விண்மீனும் இப்படித்தான்: 2.3 என்றே இருந்தது, 2000இல் எழும்பத் தொடங்கி 1.6ஐத் தொட்டது.

வட்டு வளர்ந்தால் எப்போதும் பிரகாசம் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். காமாவின் வட்டைச் சாய்வாகப் பார்க்கிறோம், அதனால் வட்டின் ஒளியும் சேர்ந்துகொள்கிறது. கார்த்திகைக் கொத்தின் பிளையோனியில் வட்டு விளிம்பாகத் தெரிகிறது, அது தடித்தால் விண்மீனையே மறைத்து மங்கச் செய்யும்.

நிறமாலையன்:
கிரேட்டிங் கேள்விக்கு: தெரியும். 1866இல் ஆஞ்சலோ செக்கி உமிழ்கோட்டை முதலில் கண்டதே இந்த விண்மீனில்தான். 50 மி.மீ. லென்ஸ் முன்னால் வைத்தால், 4.3 மைக்ரான் பிக்சலுக்கு 0.86 நானோமீட்டர் வரும். ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் ஒற்றை மேடாகத் தெரியும். வட்டின் சுழற்சி காட்டும் இரட்டை உச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்: வினாடிக்கு 300 கி.மீ. என்றாலும் விலகல் 0.65 நானோமீட்டர்தான், ஒரு பிக்சல்கூட இல்லை.

இதற்கு மட்டும் ஃபோகஸ் கூர்மையாக வேண்டும், அதுவும் விண்மீன் புள்ளியில் அல்ல, நிறமாலையின் சிவப்பு முனையில். விண்மீனின் ஓட்டத்துக்குச் செங்குத்தாக நிறமாலை நீளும்படி கிரேட்டிங்கைத் திருப்புங்கள், பட்டை தானாக அகலமாகும். அளவுத்திருத்தத்துக்கு வேகாவின் ஹைட்ரஜன் உறிஞ்சல் கோடுகள் போதும். மாற்றியமைக்காத கேமராவின் உள்வடிகட்டி 656இல் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஆகவே வேகாவை வைத்து உணர்திறன் வளைவையும் எடுத்து வகுத்துவிடுங்கள். அதே படத்தில் பீட்டாவின் நிறமாலையைப் பாருங்கள்: அங்கேயும் மேடு வந்தால் அது கேமராவின் வேலை. 687இல் உள்ள பூமிக் காற்றின் ஆக்ஸிஜன் பள்ளமும் அதன் இடப்பக்கத்தைப் போலி மேடாகக் காட்டும்.

தூரநோக்கி:
நன்றி. பச்சை சேனல் அளவைப் பதிவு செய்யும்போது 'வி' பட்டை என்று போடலாமா?

ஒளிமானி:
நிறத் திருத்தம் செய்திருந்தால் மட்டும் 'வி'. இல்லாவிட்டால் ஏ.ஏ.வி.எஸ்.ஓ. (மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம்) படிவத்தில் 'டி.ஜி.' (கேமராவின் பச்சை சேனல்) என்று போடுங்கள். நேரத்தை ஜூலியன் நாளில் (வானியலில் பயன்படும் தொடர் நாள் எண்), 20 படங்களின் நடு நேரத்துக்குக் கொடுங்கள். வாரம் ஒரு அளவு தாராளம்.