குளத்தங்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது கைபேசி எதற்கு?

தாமிரபரணிக்கரை:
நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் எங்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்க்க விரும்புகிறேன். ஊர்க் குளத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை இனவாரியாக எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பறவைகளை நன்கு அறிந்தவர் எங்கள் பள்ளியில் எவரும் இல்லை. பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பனங்காடை:
டீச்சர், விடுமுறை நாளில் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போக முன்வந்தீர்களே, அதுவே பெரிய காரியம். கைபேசியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மேயும் மாட்டின் முதுகில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கும். திடீரென்று பறந்து ஒரு பூச்சியைப் பிடித்துக்கொண்டு மறுபடி அதே முதுகில் வந்து அமரும். மாடு நடந்தால் புல்லிலிருந்து பூச்சி எழும்பும், அதற்காகவே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. இதைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். செயலி ஐந்து நொடியில் பெயரைச் சொல்லிவிடுகிறது, பிள்ளையும் அடுத்த பறவையைத் தேடிப் போய்விடுகிறது. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு நடக்கிறேன், பெயர் கிடைத்த பிறகு அந்தப் பறவையைத் திரும்பிப் பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு.

குளத்தூரான்:
ஐயா, நீங்கள் கூட இருந்தால் கைபேசி தேவையில்லைதான். கேட்டதும் சொல்ல ஆள் இருக்கிறது. டீச்சர் பள்ளியில் அப்படி யாரும் இல்லையே! "அது ஏதோ ஒரு கொக்கு" என்ற பதிலை நாலு முறை கேட்ட பிள்ளை ஐந்தாம் முறை கேட்காது.

இ-பேர்ட் வெறும் பெயர்ப் பட்டியலும் அல்ல. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், ஒவ்வோர் இனத்திலும் எத்தனை என்று கேட்கும். கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்றும் கேட்கும். அந்தக் கேள்விக்காகவே காக்கையையும் மைனாவையும் பிள்ளைகள் விடாமல் எண்ணுவார்கள். வழக்கத்துக்கு மாறான பறவையைப் பதிந்தால், அதைச் சரிபார்க்கும் தன்னார்வலர் என்ன அடையாளம் பார்த்தீர்கள் என்று எழுதிக் கேட்பதும் உண்டு. ஆதாரம் என்றால் என்ன என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு நேராகச் சொல்லித் தராது.

நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்து, கோடையில் திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரிக்கிறது. இமயமலையைக் கடந்து வருகிறது. கரையில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. வரைபடத்தைத் திறந்து காட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் விளங்கும்.

பனங்காடை:
வரைபடத்தை மறுநாள் வகுப்பறையில் காட்டலாமே. அதற்கு நான் தடை சொல்லவில்லை.

மெர்லின் பற்றித்தான் என் பயம். குற்றாலம் பக்கத்து மலைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலில் பாடும். செயலி எந்தப் பெயரைக் காட்டினாலும் அங்கே இருப்பது கரிச்சான்தான். இன்னொன்று இதைவிட மோசம். அதே கைபேசியில் பறவையின் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடலாம். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று நினைத்துப் பறவை பதறி ஓடிவரும். கூடு கட்டும் காலத்தில் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும். ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடுகிற பறவை, டீச்சர். பறவை அருகில் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும், மறுபடி ஒலிக்கவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அந்த வழியைத் திறந்துவிடாதீர்கள்.

மகிழம்பூ:
எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா நான். இருவரும் பறவையைப் பற்றியே பேசுகிறீர்கள், பிள்ளையின் கண்ணைப் பற்றியும் யோசியுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே அழைத்துப் போனார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளிலோ 39.5 விழுக்காடு. இந்த முடிவு 2015இல் வெளியானது. வெளியே போவதன் பலன் வெளிச்சத்திலும் தொலைவைப் பார்ப்பதிலும் இருக்கிறது. அங்கேயும் என் மகன் திரையை நோக்கிக் குனிந்தால் நான் எதற்கு அவனை அனுப்ப வேண்டும்?

அவன் பெயரில் கணக்குத் தொடங்குவதற்கும் சம்மதிக்க மாட்டேன். அவன் எந்த நாளில், எந்தக் குளத்தில் இருந்தான் என்பது எங்கோ பதிவாகிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

குளத்தூரான்:
அம்மா, பிள்ளைகள் பெயரில் கணக்கே வேண்டாம். டீச்சர் கணக்கு ஒன்று போதும், ஒரே கைபேசி, அதுவும் அவர் கையில். பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்தால் மெர்லின் இணையம் இல்லாமலும் இயங்கும். செடி, பூச்சி பார்க்க ஆசைப்பட்டால் சீக் என்ற செயலி இருக்கிறது, அதற்குக் கணக்கே தேவையில்லை.

ஐயா சொன்ன இரண்டும் சரி. குரலை ஒலிக்கவிடவே கூடாது. மெர்லின் காட்டுவதை அப்படியே பட்டியலில் ஏற்றவும் கூடாது. பறவையைத் தேடிக் கண்டுபிடித்து உறுதி செய்த பிறகுதான் எழுத வேண்டும், இ-பேர்ட் எதிர்பார்ப்பதும் அதையே. பிள்ளையின் கண்ணை எந்த மரத்தின் பக்கம் திருப்புவது என்பதற்கு மட்டும் அந்தச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

தாமிரபரணிக்கரை:
பனங்காடை ஐயா, கைபேசி இல்லாமல் நான் போக மாட்டேன். எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் பறவை நூலும் கிடையாது, தொலைநோக்கியும் கிடையாது. இந்த ஒன்றையும் நான் மறுத்தால் அவர்களுக்கு வேறு எது இருக்கிறது? ஆனால் அது என் பையில் இருக்கும். முதலில் நோட்டில் படம் வரைய வேண்டும்: அலகு, கால், வால், அது என்ன செய்துகொண்டிருந்தது. நோட்டில் இல்லாத பறவையைப் பற்றிக் கேட்டால் கைபேசி வெளியே வராது. மகிழம்பூ அம்மா, பெற்றோர் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுகிறேன்.

பனங்காடை:
நோட்டு முதலில் என்பது நல்ல ஏற்பாடு. இருந்தாலும் கைபேசி கரைக்கு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. பையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பிள்ளைகளின் கவனம் அந்தப் பைக்குப் போய்விடும். வீடு திரும்பிய பிறகு பதிந்தால் என்ன?

தாமிரபரணிக்கரை:
பதிவை மாலையில் செய்கிறேன் ஐயா, அதில் உங்கள் சொல்லைக் கேட்கிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கத்தும் பறவைக்கு அங்கேயே விடை வேண்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் குளத்தில் நத்தைகுத்தி நாரை பெருங்கூட்டமாக இறங்கும். பிள்ளைகளை எப்படி எண்ணச் சொல்வது?

பனங்காடை:
முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியட்டும். பிறகு அதே அளவாகக் கூட்டம் முழுவதையும் பத்துப் பத்தாகத் தாண்டி எண்ண வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடட்டும், வேறுபாடு அதிகமாக இருந்தால் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நின்றுகொள்ளுங்கள். எந்த ஊர் என்று தனியே எழுதுங்கள், பக்கம் என்றால் நானும் வந்து நிற்கிறேன்.