குருமடமா, கல்யாணமா? அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

வயசு 27, ஓசூர்ல வேலை. பீடச்சிறுவனா இருந்ததுலேர்ந்தே குருமடம் (சாமியாராகப் படிக்கிற இடம்) போற நினைப்பு விட்டு விட்டு வருது. அம்மாவோ ஜெபப் புத்தகத்துக்குள்ள ரெண்டு பொண்ணுங்க போட்டோவைச் செருகி வெச்சிருக்காங்க. செபமாலை முடிஞ்சதும் மெதுவா ஒண்ணை என் பக்கம் தள்ளுறாங்க. (பொண்ணுல குறையே இல்ல, அதான் சிக்கல்.)

குருமடத்துல மெய்யியல், இறையியல் படிப்பு சேர்ந்தே குறைஞ்சது 6 வருஷம். அது பயமில்ல. கல்யாணத்துக்குப் பயந்து ஓடுறேனா, நெசமாவே ஆண்டவர் கூப்பிடுறாரானுதான் புரியல. பங்குச்சாமி, "அவசரப்படாதப்பா, 8 நாள் தியானம் போயிட்டு வா"ங்கிறார்.

புனித இஞ்ஞாசியார் (இயேசு சபையைத் தொடங்கினவர்) முறைத் தியானம் தமிழ்ல, தனித்தனியா வழிநடத்தி எங்க கொடுக்கிறாங்க? வேலையை விட்டுட்டு குருமடம் சேர்ந்தவங்க, பாதியில வெளிய வந்து குடும்பமானவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, ப்ளீஸ். அம்மா கோயில்ல ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கச் சொல்றதுக்குள்ள!