அப்பாவுக்கு 20 சதவீதம் என்கிறது கால்குலேட்டர். நம்பலாமா?

நெய்தோசை:
அப்பாவுக்கு 54 வயது, சர்க்கரை வந்து ஆறு வருடம், ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.4. சிகரெட்டும் உண்டு. யூகேபிடிஎஸ் என்ற பிரிட்டிஷ் சர்க்கரைநோய் ஆய்வை வைத்துச் செய்த கால்குலேட்டரில் எல்லாவற்றையும் போட்டேன். பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வர 20 சதவீத வாய்ப்பாம். அவரிடம் சொல்லலாமா?

இரவு ட்யூட்டி:
சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு 1977 முதல் 1991 வரை பிரிட்டனில் 23 மையங்களில் 5,102 பேரைச் சேர்த்த ஆய்விலிருந்து போட்டது. பத்தில் எட்டுப் பேர் வெள்ளையர். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பரவலாகாத காலம் வேறு. இன்றைய நோயாளிக்கு அதைப் பொருத்தினால் ஆபத்தைப் பெரும்பாலும் கூட்டியே காட்டும்.

கணக்கு வாத்தியார்:
டாக்டர் சார், சுமார் பத்து சதவீதம் தெற்காசியர்கள் இருந்தார்களே! படிவத்திலேயே இனம் கேட்கிறார்கள். அப்புறம், 20 சதவீதம் என்றால் இவரைப் போன்ற நூறு பேரில் இருபது பேர், அவ்வளவுதான். யார் அந்த இருபது என்று சொல்ல அது ஜாதகம் இல்லை.

இதே ஆய்விலிருந்து 2004-ல் வந்த இன்னொரு கணக்கு மாடல் வருடா வருடம் தாயம் உருட்டுவது போல ஓடும். மாரடைப்பு, பக்கவாதம், கால் இழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் உருட்டல். ஒன்று வந்துவிட்டால் அடுத்ததற்கான வாய்ப்பும் ஏறும். மருந்துச் சோதனை நாலைந்து வருடத்தில் முடிந்துவிடும், கிட்னி கெட இருபது வருடம் ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? மிச்ச வருடங்களை ஓட்டிப் பார்க்கத்தான் இந்த மாடல்.

இரவு ட்யூட்டி:
வாத்தியாரே, சர்க்கரையைத் தீவிரமாகக் குறைத்துப் பார்த்த அக்கார்டு ஆய்வு மறந்துபோச்சா? சர்க்கரை குறையக் குறைய நல்லது என்றுதான் கணக்கு சொன்னது. 10,251 பேரில் பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில்தான் சாவு கூடியது. 2008-ல் தீவிர சிகிச்சையையே நிறுத்தினார்கள்.

கணக்கு வாத்தியார்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் சராசரியாக 62 வயது, நோய் வந்து பத்து வருடம் ஆனவர்கள். யூகேபிடிஎஸ்காரர்களோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். புது நோயாளி அளவுக்குத் தைத்த சட்டையைப் பழைய நோயாளிக்கு மாட்டியது யார் தப்பு? மவுண்ட் ஹூட் என்ற பெயரில் கூடும் சர்க்கரைநோய் மாடல்காரர்கள் ஒரே கேள்வியை ஆளுக்கொரு மாடலில் ஓட்டி, விடை எங்கே பிரிகிறது என்று பார்ப்பதே இதற்காகத்தான்.

இரவு ட்யூட்டி:
பாருங்கள், தாராளமாக. வார்டில் அழுகிய கால்விரலோடு வருபவரிடம் நான் சதவீதம் பேச முடியாது.

நெய்தோசை:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிகரெட் கட்டத்தில் மட்டும் "இல்லை" என்று மாற்றிக் காட்டினேன். எண் இறங்கியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "ஊறுகாயை விட்டா எவ்வளவு குறையும்?" என்றார். அதற்குக் கட்டம் இல்லை.