எக்ஸ்எஸ்எல்டி வேகத்தை நியாயமாக அளப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து டெல்டா பகுதிக் கோயில்களின் பழைய தலபுராணங்களைத் தட்டச்சு செய்து எக்ஸ்எம்எல் (உரையின் பகுதிகளைக் குறிச்சொற்களால் அடையாளமிடும் வடிவம்) கோப்புகளாக்கி வருகிறோம். அவற்றை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லை வேறு வடிவங்களுக்கு மாற்றும் மொழி) வழியாக இணையப் பக்கங்களாகவும் மின்னூல்களாகவும் மாற்ற வேண்டும். எந்த மென்பொருளில் செய்வது என்று முடிவெடுக்க உங்கள் உதவி தேவை.

எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் மென்பொருள்களான சாக்ஸன், எக்ஸ்எஸ்எல்டிபிராக் இரண்டையும் ஒப்பிடுகிறோம். சிக்கல் அளவீட்டில்தான். நாங்கள் ஓட்டும் சாக்ஸன் ஜாவா பதிப்பு. ஜாவா தொடங்கிச் சூடுபிடிக்கவே நேரமாகும். சின்னக் கோப்பு ஒன்றை மட்டும் கொடுத்தால், மாற்றும் வேலையைவிட அந்தத் தொடக்க நேரமே பெரிதாகத் தெரிகிறது. நிறுத்தாமல் நிறையக் கோப்புகளை ஓட்டினால் கதையே மாறிவிடுகிறது. எங்கள் வேலை இரண்டாவது வகை என்பதால், முதல் சில ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே சரி என்று எனக்குப் படுகிறது. கோப்பைப் படிக்கும் நேரம், நடைதாளை (மாற்றும் விதிகளை எழுதிய எக்ஸ்எஸ்எல்டி கோப்பு) தொகுக்கும் நேரம், மாற்றும் நேரம் மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டுமா, மொத்தமாகப் பார்த்தால் போதுமா?

அப்புறம், எக்ஸ்எஸ்எல்டிபிராக், எக்ஸ்எஸ்எல்டி மொழியின் 1.0 பதிப்போடு நின்றுவிடுகிறது. அதற்காக நடைதாளையும் 1.0இலேயே எழுதினால், 2017இல் வந்த 3.0இன் வசதிகள் எதையும் சாக்ஸன் காட்ட முடியாது. அது நியாயமான ஒப்பீடுதானா?

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 'க' 3 பைட், 'கு' 6 பைட். அதனால் ஆங்கிலக் கோப்புகளில் எடுத்த அளவுகளை அப்படியே நம்ப மனம் வரவில்லை. நீளமான தமிழ்ச் செய்யுள் கோப்புகளில் நேரத்தையும் நினைவகத்தையும் அளந்து பார்த்தவர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சோதனைக் கோப்புகள் இருந்தால் பகிருங்கள், எங்களுடையதையும் தருகிறோம்.